டிரைவர் சீட்

– தார்ப்பாயை எடுண்ணா.

– வேண்டாம் பாப்பா. மனுஷன் போயாச்சு, இனி இந்த இரும்பைப் பாத்து என்ன பண்ணப் போறே?

– அவரு எந்தப் பக்கம் உக்காந்து போனாருன்னு என் கண்ணால பாக்கணும். எடு.

– பாத்தாத் தெரியுமா? கூரை இல்லாத வண்டி, ரெண்டு பேரும் பெல்ட் போடல. தூக்கி ரோட்டுல எறிஞ்சுடுச்சு. நான் மாப்பிள்ளைகிட்ட எத்தனை தடவை தலைதலையா அடிச்சுக்கிட்டேன், கஸ்டமர் போடலைன்னாலும் நீங்க போடுங்கன்னு! "நான் போட்டா அவரு ஓட்டறதை நம்பலைன்னு அர்த்தமாயிடும் மச்சான்"னு சிரிச்சுக்கிட்டே போவாரு.

– சிரிப்பாரு. எல்லாத்துக்கும் சிரிப்பாரு. இங்க நான்தான் பதில் சொல்லிக்கிட்டு நிக்கறேன். இப்ப பஸ்ல எனக்குப் பின்னால ரெண்டு பொம்பளைங்க. சேல்ஸ்மேன்தான் ஓட்டினானாம், பணக்கார வீட்டுப் புள்ளைய அநியாயமாக் கொன்னுட்டானாம்னு பேசிக்கிட்டு வந்தாங்க. திரும்பி, "அந்தச் சேல்ஸ்மேன் பொண்டாட்டி நான்தான், மேல சொல்லுங்க"ன்னேன்.

– ஐயையோ. அப்புறம்?

– அடுத்த ஸ்டாப்புல இறங்கிட்டாங்க.

– அது அவங்க ஸ்டாப்பாவே இருந்திருக்காது.

– சிரிக்காதண்ணா.

– சிரிக்கல பாப்பா. வாயி தானாப் போகுது. ஒரு வாரமாத் தூக்கம் இல்ல எனக்கு. நம்ம ஒர்க்‌ஷாப்புக்கே இழுத்துட்டு வந்து போட்டுட்டாங்க இதை. சோறு திங்கும்போதும் எதிர்ல இதுதான் நிக்குது.

– எம்பொண்ணுக்கு ஸ்கூல்ல என்ன நடந்துச்சு தெரியுமா? பக்கத்துல உக்கார மாட்டேன்னுட்டா ஒருத்தி. "உங்கப்பா ஆளைக் கொன்னுட்டாராமே"ன்னு கேட்டாளாம். வீட்டுக்கு வந்து எங்கிட்ட, "நெஜமாம்மா?"ங்கறா. நான் என்னன்னு சொல்றது? எனக்கே தெரியலையே!

– இன்னிக்குத் தெரிஞ்சுடும். சாப்பாட்டு நேரம் முடிஞ்சதும் விபத்தை விசாரிக்கற ஆபீசர் வர்றாரு. நீ வீட்டுக்குப் போ.

– வந்து என்னத்தப் பாப்பாரு?

– கேளு. இந்த வண்டிக்குள்ள ஒரு பொட்டி இருக்கு. எவ்வளவு வேகம்னு அது சொல்லிடுச்சு. அந்த நம்பரை உங்கிட்டச் சொல்ல மாட்டேன். ஆனா ஸ்டியரிங்கைப் புடிச்சிருந்த கை யாருதுன்னு அதுக்குத் தெரியாது. தீயணைப்பு வண்டிக்காரன் நுரையும் தண்ணியுமா அடிச்சு ரத்தம், ரேகை எல்லாத்தையும் கழுவிட்டான். மிச்சம் இருக்கறது டிரைவர் சீட்டு ஒண்ணுதான். அது முன்னால இழுத்திருக்கா, பின்னால தள்ளியிருக்கான்னு அளப்பாரு. பிரேக்குக்கும் சீட்டுக்கும் நடுவுல உள்ள தூரம் யாரு காலுக்குப் பொருந்துதோ அவன்தான் ஓட்டினவன். அதோட கேஸ் முடிஞ்சுது.

– அதான் டெஸ்ட் டிரைவுக்கு வழக்கம் ஒண்ணு இருக்குல்ல? போகும்போது நம்மாளு ஓட்டிக் காட்டணும், தண்ணித் தொட்டிகிட்ட எடம் மாறணும், வரும்போது கஸ்டமர் ஓட்டணும். வீட்டுல ஆயிரம் தடவை சொல்லியிருக்காரு. வண்டி போகும்போது அடிச்சுதா, வரும்போது அடிச்சுதான்னு பாத்தாப் போதாதா?

– அடிச்சதே அந்தத் தொட்டிக்குப் பக்கத்துலதான். பம்பரமாச் சுத்தியிருக்கு. மூஞ்சி எந்தப் பக்கம், முதுகு எந்தப் பக்கம்னே எவனுக்கும் புரியல.

– அந்த ஷோரூம் மேனேஜரை விட்டுட்டாங்க பாத்தியா? தெனம் காலைல நிக்க வச்சுச் சொல்லுவானாமே, கஸ்டமர் ஒரு தடவையாவது வாய்விட்டுக் கத்தணும், கத்தினவன்தான் வாங்குவான்னு. கத்த வைக்காமத் திரும்பி வந்தா மூஞ்சியத் திருப்பிக்குவானாம். அவனையில்ல முதல்ல புடிச்சு உள்ள போடணும்!

– போடு. அப்படியே வண்டி செஞ்சவனையும் போடு. எந்த ரோட்டுலயும் ஓட்ட முடியாத வேகத்தை மீட்டர்ல அச்சடிச்சு வச்சிருக்கானே, எதுக்கு? சும்மா அழகுக்கா? காலேஜ் போற புள்ளைக்கு இதை வாங்கித் தரேன்னு அனுப்பினானே அப்பன், அவனையும் போடு. கைகாட்டி இல்லாத வளைவை விட்டுட்டுப் போன ரோட்டு காண்ட்ராக்டரைப் போடு. நான் தகரம் அடிக்க வந்த நாள்லேருந்து பாக்கறேன் பாப்பா, இந்த மாதிரி வண்டி முழுசா உள்ள வந்ததை விட அப்பளமா வந்ததுதான் ஜாஸ்தி. எல்லாரும் சேந்துதான் அடிக்கறாங்க. ஆனா எழுதற எடத்துல ஒரு பேருக்குத்தான் எடம் இருக்கு. ஓட்டினவன் பேரு.

– அந்தப் பேரு அவரு பேரா இருந்தா நான் எம்பொண்ணை எந்த மூஞ்சியோட ஸ்கூலுக்கு அனுப்புவேன்?

– இருக்காது. பயப்படாம போ. அளந்தா அந்தப் பையன் பேருதான் வரும்.

– உனக்கு எப்படித் தெரியும்?

– தெரியும், விடேன்.

– அளக்கவே இல்ல, அதுக்குள்ள எப்படிண்ணா தெரியும்? அது என்ன கட்டைவிரல்ல துணி? காட்டு.

– ஒண்ணுமில்ல. தகரம் கிழிச்சுடுச்சு.

– உங்கை தகரத்துல கிழிஞ்சு நான் பாத்ததே இல்ல. என்ன பண்ணினே நீ?

– கத்தாத. கேட்டுல வாட்ச்மேன் நிக்கறான்... காலைல யாரும் வர்றதுக்கு முன்னால தார்ப்பாயைத் தூக்கிப் பாத்தேன். டிரைவர் சீட்டு முழுசா முன்னால இழுத்து இருந்துச்சு. ஸ்டியரிங் நெஞ்சுல இடிக்கற மாதிரி.

– அதனால?

– அதனாலயா? மாப்பிள்ளை எத்தனை வருஷம் மண்ணு லாரி ஓட்டினவரு! ஸ்டியரிங்கைக் கட்டிப் புடிச்சுக்கிட்டு, கண்ணாடியில மூக்கு உரச ஓட்டறவரு. அவரு பக்கத்துல கிளீனரா உக்காந்து போனவன் நான். அந்தப் பையன் அஞ்சலி போஸ்டர்ல பாரு, நெடுநெடுன்னு நிக்கறான். அவன் எப்படி அந்தச் சந்துக்குள்ள காலை நுழைப்பான்? அந்த சீட்டைப் பாத்ததும் எனக்குப் புரிஞ்சுடுச்சு பாப்பா. ஓட்டினது நம்மாளுதான்.

– அப்புறம்?

– தள்ளிட்டேன்.

– எதை?

– சீட்டை. கடைசி வரைக்கும் பின்னால. இத்தனை விலை வண்டி, கனம் ஏறக்கூடாதுன்னு சீட்டுக்கு மோட்டார் கூட வைக்கல. கம்பியை இழுத்துக் கையாலதான் தள்ளணும். நசுங்கினதுல இறுகிப்போய்க் கெடந்துச்சு. காலால முட்டுக்குடுத்துத் தள்ளினேன். பட்டுனு ஒரு சத்தம், கட்டைவிரலும் கிழிஞ்சுடுச்சு. சீட்டு நகர்ற தண்டுல இருக்கற பல்லு உடைஞ்சு அங்கேயே புடிச்சுக்கிச்சு. இனி கடப்பாறை போட்டாலும் முன்னால வராது. விபத்துல உடைஞ்ச மாதிரியே இருக்கு, எவனாலயும் கண்டுபுடிக்க முடியாது.

– ஐயோ, என்ன காரியம்ணா பண்ணிட்டே!

– ஏன் அப்படிப் பாக்கறே? உனக்காகத்தான். அந்தக் குழந்தைக்காகத்தான். செத்தவன் ரெண்டு பேரும் திரும்பி வரப் போறதில்ல. அவங்க வீட்டுக்கு ஒரு கெட்ட பேரைத் தாங்கற சக்தி இருக்கு. நமக்கு இருக்கா?

– அவரு இப்ப அப்படி ஓட்டறதில்லண்ணா.

– எப்படி?

– கட்டிப் புடிச்சுக்கிட்டு. கம்பெனியில சேந்ததும் அதைத்தான் முதல்ல மாத்தினாங்க. லாரிக்காரன் மாதிரி உக்காராதே, பாக்க அசிங்கமா இருக்கு, கையை நீட்டி, சாஞ்சு ஓட்டுன்னு. முதுகு புடிச்சுக்கிச்சுன்னு ராத்திரியில தைலம் தேய்ச்சு விட்டவ நான்.

– கம்பெனிக்காரன் முன்னால அப்படி உக்காந்திருப்பாரு. வேகம் ஏறினா பழைய புத்திதான் வரும். நீ உன் புருஷனை விட்டுக்குடுக்க மாட்டே, அது எனக்குத் தெரியும்.

– நீ விட்டுக்குடுத்துட்டியேண்ணா. ஒரு வார்த்தை எங்கிட்டக் கேக்கத் தோணலையே உனக்கு!

– கேட்டா நீ விட்டிருப்பியா? ...இரு. ஜீப் சத்தம். ஆபீசர் வந்துட்டாரு போல. முந்தானையால மூஞ்சியத் துடைச்சுக்கோ. நீ பாட்டுக்கு ஓரமா நில்லு, நான் பேசிக்கறேன்.

– அண்ணா, அந்தப் பையனை நீ நேர்ல பாத்திருக்கியா?

– அதான் சொன்னேனே, போஸ்டர்ல. இந்த வண்டிக்குப் பக்கத்துல நிக்கறான்.

– இந்த வண்டி இடுப்பு உயரம்தானே இருக்கு? நீ நின்னாலும் நெட்டையாத்தான் தெரிவே.

– இப்ப எதுக்குடி அது? கேட்டைத் தொறந்துட்டான், வர்றாங்க.

– ஆஸ்பத்திரியில நீ வெளிய கையெழுத்துப் போட்டுக்கிட்டு இருந்தே. உள்ள போய் அடையாளம் காட்டினவ நான். ரெண்டு பேரையும் பக்கத்துல பக்கத்துல படுக்க வச்சிருந்தாங்க. தலைமாட்டுல ஒண்ணாத்தான் இருந்தாங்க, அவன் பாதம் என் புருஷன் கெண்டைக்காலைத் தாண்டல. அந்தப் புள்ளைக்குப் பிரேக்கு எட்டணும்னுதாண்ணா சீட்டு முன்னால இருந்துச்சு.