தோய்வோவின் துப்பாக்கி

வார்னிஷ் கெட்ட பொருள் என்று நான் ஒருபோதும் சொன்னதில்லை. சாப்பாட்டு மேசைக்கு அடிக்கலாம். படகுக்கு அடிக்கலாம். எங்கள் தேவாலயத்து பெஞ்சுகளுக்கு அடித்தபோது பிரஷ் பிடித்தவர்களில் நானும் ஒருவன். எந்த மரத்துக்கு எது என்று தெரிந்து அடிக்க வேண்டும், அவ்வளவுதான். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது, மேடம். இல்லாவிட்டால் ஏதோ வார்னிஷைக் கண்டால் வெறி வருகிற ஆள் என்று என்னைப் பற்றி நினைத்துக்கொள்வீர்கள்.

வேலை பார்த்த காலமெல்லாம் நான் ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் இருந்தேன். விபத்து நடந்த இடத்துக்குப் போய், இது நிஜமாகவே விபத்துதானா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். எரிந்த களஞ்சியம், பள்ளத்தில் கிடக்கும் டிராக்டர், மாடிப்படியில் உருண்ட மாமியார். பதறாமல் பார்க்கத் தெரிந்தவன் எமரி ஸ்டாகர்தான் என்று என்னைத்தான் அனுப்புவார்கள். ஓய்வு பெற்ற பிறகு மலையடிவாரத்து வீடு, மனைவி நதீன், பழைய போர்த் துப்பாக்கிகள் என்று நிம்மதியாக இருந்தேன். அந்த வரிசை அப்படி இல்லை என்று நதீன் சொல்லுவாள். அவளுக்கு வரிசைகளைப் பற்றி அபிப்பிராயம் அதிகம்.

நம் மாவட்டத்தில் துப்பாக்கி இல்லாத வீடு ஏது? ஆனால் மான் சுட வைத்திருப்பது வேறு, நான் வைத்திருப்பது வேறு. உலகத்து ராணுவங்கள் தங்களுக்கு வேண்டாம் என்று கழித்துக்கட்டியவை என்னிடம் வந்து சேரும். அவற்றை நான் ஆயுதம் என்று நினைத்ததே இல்லை. வரலாறு என்றுதான் சொல்லுவேன். விருந்துக்கு வந்தவர்களிடம் ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டி விளக்குவேன். சிலர் கொட்டாவி விடுவார்கள். வரலாறு எல்லோருக்கும் செரிக்காது.

நான் சொல்ல வந்த துப்பாக்கி, பொருட்காட்சி மண்டபத்தில் நடந்த துப்பாக்கிச் சந்தையில் கிடைத்தது. ரஷ்யாவில் செய்தது. பின்லாந்துக்காரர்கள் அதைப் போரில் பிடுங்கி, தங்கள் முத்திரையைக் குத்தி, அதை வைத்தே ரஷ்யர்களைச் சுட்டார்கள். பிறகு பல காலம் மரப்பெட்டியில் கிரீஸில் ஊறிக் கிடந்திருக்கிறது. நான் வாங்கியபோது துப்பாக்கி என்றே தெரியாது; பழுப்புக் களியில் முக்கியெடுத்த உலக்கை மாதிரி இருந்தது. அதன் மரக்கட்டையைக் கழற்றி, ரொட்டி சுடும் அடுப்பில் வைத்து மெல்லச் சூடுகாட்டினால், மரம் குடித்த கிரீஸெல்லாம் வியர்த்து வெளியே வரும். அப்படித்தான் எல்லோரும் செய்வார்கள். நதீனிடம் கேட்டுக்கொண்டு செய்திருக்கலாம், ஒத்துக்கொள்கிறேன். அந்த வருடம் நன்றித் திருநாளுக்கு அதே அடுப்பில் அவள் சுட்ட வான்கோழியை ஒரு வாய் வைத்துவிட்டு அவள் தம்பி டெல்பர்ட் கேட்டான்: "அக்கா, இந்தக் கோழி எந்தப் படைல இருந்துச்சு?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். டெல்பர்ட்டைப் பற்றி எனக்கு எந்த வன்மமும் கிடையாது என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

அவன் நல்லவன். பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டினான். ஒரே ஒரு வியாதி, எதைப் பார்த்தாலும் சரிசெய்துவிட வேண்டும். நாம் கேட்க வேண்டியதில்லை. காப்பி குடிக்க வந்தவன் கதவின் கிரீச்சொலியை நிறுத்திவிட்டுப் போவான். எனக்கு அந்தக் கிரீச்சொலி பிடித்திருந்தது. யார் வருகிறார்கள் என்று தெரியும். ஆனாலும் நன்றி சொன்னேன். என் பிறவிக்குணம் அது; யார் மனதையும் நோகடிக்க எனக்கு வராது.

கிரீஸெல்லாம் போன பிறகுதான் கட்டையில் ஒரு மீன் தெரிந்தது. யாரோ ஒரு சிப்பாய் கத்தி முனையால் கீறியது. கட்டைவிரல் நீளம் இருக்கும். வால் கொஞ்சம் கோணல். பனியில் உட்கார்ந்து காத்திருந்த ஒருவன், ஏரிக்கரையில் வளர்ந்தவன், கையை வெறுமனே வைத்திருக்க முடியாமல் கீறியிருக்கிறான் என்று பார்த்தவுடனே எனக்குத் தெரிந்துவிட்டது. அவனுக்குத் தோய்வோ என்று பெயர் வைத்தேன். அமைதியானவன். கல்யாணம் ஆகவில்லை. காப்பியில் பால் விடமாட்டான். இதெல்லாம் நானாகக் கற்பித்ததில்லை, மேடம். ஒரு துப்பாக்கியோடு நிறைய நேரம் உட்கார்ந்திருந்தால் தானாகத் தெரியவரும். அவன் பிறந்தநாள் நவம்பரில். அன்றைக்கு ஒரு தோட்டா மட்டும் சுடுவேன். நதீனுக்கு ஜூனில், அல்லது ஜூலையில்.

இந்த வசந்தத்தில் பித்தப்பையை எடுத்தார்கள். ஏதோ சீழ் பிடித்து, நினைத்ததைவிட நீண்ட நாள் ஆஸ்பத்திரியில் கிடக்க வேண்டியதாகிவிட்டது. வீடு திரும்பிய அன்று தேவாலயத்துப் பெண்கள் ஆளுக்கொரு பாத்திரத்தில் சமைத்துக் கொண்டுவந்திருந்தார்கள். டெல்பர்ட் வாசலிலேயே நின்றான். முகமெல்லாம் சிரிப்பு.

"மாப்ளே, கண்ண மூடுங்க. நான் சொல்றவரைக்கும் திறக்கக் கூடாது."

மூடினேன். என் கையில் ஒரு கனத்தை வைத்தான். எடையை வைத்தே எது என்று தெரிந்துவிட்டது. ஆனால் கைபட்ட இடம் பழகிய மரமாக இல்லை. வழுக்கியது.

"இப்பத் திறங்க."

கட்டையை உப்புத்தாள் போட்டு வெள்ளை மரம் தெரியும்வரை தேய்த்திருந்தான். அதன்மேல் வார்னிஷ். ஒன்றல்ல, பல கோட்டிங். ஹோட்டல் வரவேற்பு மேசைபோல இருந்தது. என் முகம் அதில் தெரிந்தது.

"எப்படி? புதுசு தோத்துப்போகும்ல?" என்றான். "பக்கத்துல யாரோ பொறுக்கிப்பய கத்தியால கிறுக்கி வச்சிருந்தான். அதையும் பட்டி பாத்து அடைச்சுட்டேன். இருந்த எடமே தெரியாது, தடவிப் பாருங்க."

தடவிப் பார்த்தேன். தெரியவில்லை.

"ராத்திரி பகலா உக்காந்து செஞ்சான்ங்க," என்றாள் நதீன். "நீங்க ஆஸ்பத்திரியில கெடக்கிறத நெனச்சு அவனுக்குத் தூக்கமே இல்ல. ஏதாவது சொல்லுங்களேன்."

"ரொம்ப நன்றி, மச்சான்," என்றேன். "எனக்கு வார்த்தையே வரல."

அவன் என்னைக் கட்டிக்கொண்டான். தையல் போட்ட இடம் வலித்தது. தேவாலயத்துப் பெண்களில் ஒருத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

இங்கே நீங்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நான் அவனிடம் ஒரு கடுஞ்சொல் சொல்லவில்லை. அன்றைக்கும் சொல்லவில்லை, கோடை முழுக்கவும் சொல்லவில்லை. வேறொருவனாக இருந்தால் கத்தியிருப்பான், பல நாள் பேசாமல் இருந்திருப்பான், நல்ல மனுஷனின் மனதை உடைத்திருப்பான். என்னால் அது முடியாது. நான் ஷெட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, கரைப்பான் ஊற்றி வார்னிஷைத் துடைத்துப் பார்த்தேன். வார்னிஷ் வந்தது. பட்டியும் வந்தது. உள்ளே மீன் இல்லை. ஒரு மழுங்கிய பள்ளம் இருந்தது. குழந்தையின் தொப்புள் மாதிரி. தோய்வோ என்னிடம் எதுவும் கேட்கவில்லை. அவன் அப்படிக் கேட்கிறவன் இல்லை.

வார்னிஷ் போயிருந்ததை டெல்பர்ட் கவனித்தான். நிஜமாகவே வருத்தப்பட்டான்.

"உரிஞ்சிருச்சா? சரக்கு சரியில்ல மாப்ளே, மலிவு வார்னிஷ் வாங்கிட்டேன். தப்பு என்னுதுதான். இந்தத் தடவ படகுக்கு அடிக்கிறது வாங்கி அடிச்சுத் தர்றேன், பேரப்புள்ளைங்க காலம்வரைக்கும் கெடக்கும்." பிறகு என் அலமாரியை ஒரு பார்வை பார்த்தான். அங்கே மற்றத் துப்பாக்கிகள் வரிசையாக நின்றன. "குளிர் வரட்டும். எனக்கு வேல கம்மி. இவனுங்க எல்லாத்தையும் ஒரு கை பாத்துரலாம். நீங்க உக்காந்து வேடிக்க மட்டும் பாருங்க."

அவன் சொன்னால் செய்கிறவன். அதுதான் பிரச்சினை. கதவின் கிரீச்சொலியை நிறுத்தியவனும் அவன்தான், வந்தால் சத்தமே கேட்காது. நான் வீட்டில் இருக்க வேண்டும் என்ற அவசியமும் இல்லை. பூட்டுப் போட்டிருக்கலாமே என்று கேட்பீர்கள். நதீனிடம் சாவி உண்டு. வேண்டாம் என்று அவனிடம் சொல்லியிருக்கலாமே என்றும் கேட்பீர்கள். அவன் முகம் எப்படி வாடியிருக்கும் என்று உங்களுக்குத் தெரியாது. ராத்திரி பகலாக உட்கார்ந்து செய்தவன். நான் எல்லா வழிகளையும் பொறுமையாக யோசித்தேன். அவனுக்கு வலிக்காத வழி ஒன்றுதான் இருந்தது.

எங்கள் வீட்டுக்குப் பின்னால், நிலக்கரி வெட்டியெடுத்துவிட்டுக் கைவிட்ட பள்ளம் ஒன்று இருக்கிறது. மூன்று பக்கமும் மண்மேடு. குறிபார்த்துச் சுட அதைவிடப் பாதுகாப்பான இடம் கிடையாது. எங்கள் துப்பாக்கிக் கிளப்புக்காரர்கள் அங்கேதான் சுட்டுப் பழகுவார்கள், மேற்பார்வை நான். விதிகளில் நான் கறார். குறிப்பலகை மாற்ற ஆள் போனால், தோட்டாவை உள்ளே அடைக்கும் போல்ட்டைத் திறந்து வைத்துவிட்டு எல்லோரும் பின்னால் தள்ளி நிற்க வேண்டும். துப்பாக்கியைத் தொடக்கூடாது. இத்தனை வருடத்தில் என் மேற்பார்வையில் அங்கே ஒரு விபத்துகூட நடந்ததில்லை. இன்றைக்கும் அப்படித்தான். அதைச் சொல்லத்தான் நானே உங்களைத் தேடி வந்திருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை பிரார்த்தனை முடிந்து டெல்பர்ட் வந்தான். நான்தான் கூப்பிட்டிருந்தேன். சந்தோஷமாக வந்தான். ஆரஞ்சு நிற மேலங்கி போட்டிருந்தான். என் விதிகளை மனதார மதித்த சிலரில் அவனும் ஒருவன். நான் சுட்டேன், அவன் சுட்டான். அவனுக்குக் குறி சுத்தமாக வராது.

"தோள்பட்ட கழண்டிரும்போல இருக்கு. உங்க பின்லாந்துக்காரன் மனுஷனா, கழுதையா?" என்று சிரித்துக்கொண்டே தோளைத் தேய்த்தான். "இருங்க, பலகைய மாத்திட்டு வர்றேன். நீங்க நடக்காதீங்க, வயித்துல தையல் போட்ட ஆளு."

நடந்து போனான்.

அதன் பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். அதாவது, தெரிந்ததாக நினைக்கிறீர்கள். முதலில் வந்த உங்கள் இளம் அதிகாரி மிகவும் மரியாதையானவர். என்னை வண்டியில் உட்காரவைத்து, தோளில் போர்வை போர்த்தி, அவரே எல்லாவற்றையும் சொன்னார். "பழைய தோட்டாங்கய்யா. விசைய இழுத்தப்ப வெடிச்சிருக்காது. கெட்டுப்போச்சுன்னு நெனச்சுத் திறக்கப் போயிருப்பீங்க. அப்பத் திடீர்னு வெடிச்சிருக்கும். இல்லியா?" அவர் அவ்வளவு சிரமப்பட்டு யோசித்துச் சொன்னதை இல்லை என்று எப்படிச் சொல்வது? தலையாட்டினேன்.

அடக்கம் முடிந்தது. பெட்டி தூக்கியவர்களில் நானும் உண்டு. பிறகு போட்ட சாப்பாட்டில் உருளைக்கிழங்கு சாலட் நன்றாக இருந்தது. நதீன் என் கையை விடவே இல்லை. ஊரே எனக்காக ஜெபம் செய்தது. எல்லாம் முறையாகத்தான் முடிந்திருக்கும்.

ஆனால் உள்ளூர்ப் பத்திரிகையில் என்ன போட்டார்கள் என்று பார்த்தீர்களா? 'பழுதான பழைய துப்பாக்கி தானாக வெடித்து ஒருவர் பலி.' பழுதாம். தானாகவாம். போல்ட், குழல், அடிப்பட்டை எல்லாவற்றிலும் ஒரே எண் பொறித்த, ஒரு பாகம்கூட மாற்றாத துப்பாக்கி. விசை வெண்ணெய் மாதிரி இழுக்கும். எதிரி கையிலிருந்து பிடுங்கப்பட்டு, இரண்டு போர் பார்த்து, ஒரு தடவைகூடச் சொதப்பாத ஒன்றை, யாரோ ஒரு பையன் மேசையில் உட்கார்ந்து ஓட்டை உடைசல் என்று எழுதுகிறான். கிளப்பில் ஒருவர் என் முதுகைத் தட்டி, "அந்தச் சனியனுங்கள நம்பவே கூடாதுப்பா" என்றார். பல்லைக் கடித்துக்கொண்டேன்.

நேற்று காலை நதீன் சாப்பாட்டு மேசையில் சொன்னாள். "ஷெரீப் ஆபீஸ்ல பேசிட்டேன். வழக்கு முடிஞ்சதும் அத வெட்டிப் போட்டுருவாங்களாம். காஸ் வச்சு, துண்டு துண்டா. என் தம்பியக் கொன்ன இரும்பு இந்த உலகத்துல இருக்கக் கூடாது."

"அது கொல்லல நதீன்," என்றேன்.

"தெரியும்ங்க. உங்கமேலயும் தப்பில்ல. எல்லாம் அந்தப் பாழாப்போன துப்பாக்கிதான்." என் தலையைத் தடவிக் கொடுத்தாள்.

ராத்திரி முழுக்க யோசித்தேன். ஒன்றும் அறியாத ஒன்றின்மேல் பழி விழுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பவன் என்ன மனுஷன்? வேலை பார்த்த நாளில் எத்தனையோ பேர் தங்கள் தப்பைப் பழைய பிரேக்மேலும், ஈர மரத்தின்மேலும் போட்டதைப் பார்த்திருக்கிறேன். அவர்களைக் கண்டால் எனக்கு அருவருப்பு. அதனால்தான் காலையில் முகச்சவரம் செய்துகொண்டு இங்கே வந்தேன்.

எழுதிக்கொள்ளுங்கள். அந்தத் துப்பாக்கியில் எந்தப் பழுதும் இல்லை. தோட்டா தாமதமாக வெடிக்கவில்லை. டெல்பர்ட் பலகையில் புதுக் காகிதத்தை ஒட்டி, நேராக இருக்கிறதா என்று தள்ளி நின்று பார்த்தான். நான் போல்ட்டை மூடினேன். மூச்சை விட்டுப் பாதியில் நிறுத்தினேன். அவன் திரும்பி என்னைப் பார்த்துக் கையசைத்தான், காகிதம் நேராக இருக்கிறதா என்று கேட்கிற மாதிரி. நேராக இருந்தது. விசையை இழுத்தேன்.

வெறும் இரும்புக் குறிமுள்தான், மேடம். தொலைநோக்கிக் கண்ணாடி கிடையாது. குறுக்கே காற்று வேறு அடித்துக்கொண்டிருந்தது. நான் பார்த்த இடத்திலிருந்து ஒரு விரல் அகலம்கூட விலகவில்லை. இதைக் கிளப்பில் எவனிடமும் சொல்லிக்கொள்ள முடியாது என்பதுதான் வருத்தம். டெல்பர்ட் மட்டும் இருந்திருந்தால், முதலில் கைதட்டுகிறவன் அவனாகத்தான் இருந்திருப்பான்.