கட்டிலுக்கு அடியில் கொஞ்சம் இடம்

...நம்ம வியாபாரிகள் சங்கத்துல இருந்து அரசு ஆஸ்பத்திரிக் குழந்தைகள் வார்டுக்கு உதவி செய்யப் போறோம். ரொம்ப நல்ல காரியம். விழாவுக்கு மேளம் பேசியாச்சு, வெடிக்குச் சொல்லியாச்சுன்னு செயலாளர் தம்பி வாசிச்சார். கை தட்டுனீங்க. நான் தட்டலை. ஏன் தட்டலைன்னு ஒரு சின்னச் சங்கதி மூலமாச் சொல்லிடறேன். கேட்டுட்டு, அப்புறம் உங்க இஷ்டம்.

கடலுக்கு அக்கரையில சண்டை நடந்த காலம். நான் கடற்கரைப் பக்கம் ஒரு ஊர்ல, பெரியாஸ்பத்திரி வாசல்ல பழ வண்டி போட்டிருந்தேன். படகு படகா சனம் வந்து இறங்குது. அடிபட்ட பிள்ளைகளை எங்க கொண்டு வருவாங்க? அந்த ஆஸ்பத்திரிக்குத்தான். ஊர்க்காரனுக்கே கட்டில் பத்தாத இடம். ரெண்டு பிள்ளைக்கு ஒரு கட்டில்... ஒண்ணு தலைமாட்டுல, ஒண்ணு கால்மாட்டுல. ஆபரேஷன் தியேட்டர் ஒண்ணு. அதுல வெட்டித் தைக்க டாக்டர் கதிரேசன்னு ஒரே ஒரு மனுஷன்.

அங்க நிரோஜினின்னு ஒரு பிள்ளை. எட்டு வயசு இருக்கும். ஷெல் அடிச்சுத் தொடையில சதையே போயிருச்சு. டாக்டர் வேற இடத்துல இருந்து தோல் எடுத்து ஒட்டியிருந்தார். "கட்டுப் பிரிக்கிற வரைக்கும் காலை அசைக்கப்படாது. தோல் நழுவுச்சுன்னா கால் என் கையில இல்லை"ன்னு சொல்லியிருந்தார். அது அசையலைங்க. ஈ உக்காந்தாக்கூட கையால விரட்டுமே தவிர, காலை அசைக்காது.

இந்த நேரத்துல அந்த ஊர் வர்த்தக சங்கத்துக்கு இரக்கம் வந்துருச்சு. தலைவர், பாத்திரக்கடை சுடலைமுத்து அண்ணாச்சி. என்ன குடுத்தாங்க? என்கிட்ட வாங்குன ஆப்பிள், அப்புறம் ஒரு சுவர்க் கடிகாரம். கடிகாரத்துல மணி தெரியுமோ தெரியாதோ, சங்கத்துப் பேரு தெருவுல இருந்தே தெரியும். இதைக் குடுக்கச் சிறப்பு விருந்தினர், பந்தல், அதிர்வேட்டு.

வார்டு நர்ஸ் அமலோற்பவம் சிஸ்டர் ஓடி வந்தாங்க.

"அண்ணாச்சி, எல்லாம் செய்யுங்க. வெடி மட்டும் வேண்டாம். இதுங்க அக்கரைப் பிள்ளைங்க."

"அதுங்களுக்காகத்தாம்மா வெடியே. சந்தோஷப்படட்டும்."

"பயந்துரும் அண்ணாச்சி."

"நம்ம ஊர்ல எழவுக்கே வெடி போடுறோம். ஆப்பிளுக்குப் போடக்கூடாதாக்கும்? நீங்க போய் பெட்ஷீட்டை நேரா விரிங்க, போட்டோ எடுக்க ஆள் வருது."

பெட்ஷீட் இருந்தாத்தானே விரிக்க.

விருந்தினர் கார் வாசல்ல நின்னுது. போட்டாங்க பாருங்க வேட்டு... ஜன்னல் கண்ணாடி அதிர்ந்துச்சு. நான் ஆப்பிள் பெட்டியைச் சுமந்துக்கிட்டு அவங்க பின்னாலயே வார்டுக்குள்ள போறேன். உள்ள... ஒரு பிள்ளையைக்கூடக் காணோம். அத்தனை கட்டிலும் காலி. அழுகைச் சத்தம்கூட இல்லை.

விருந்தினர் சுத்திமுத்திப் பாத்தார். முகம் மலர்ந்துருச்சு. "பேஷ். ஒரு நோயாளிகூட இல்லை. ஆஸ்பத்திரின்னா இப்படி இருக்கணும்."

அண்ணாச்சி சொல்றார், "எல்லாம் ஐயா வந்த நேரம்."

போட்டோக்காரன் காலிக் கட்டிலைப் படம் எடுத்தான்.

அப்ப விருந்தினர் வேட்டியை யாரோ கீழே இருந்து பிடிச்சு இழுத்தாங்க. குனிஞ்சு பாக்குறார். கட்டிலுக்கு அடியில நிரோஜினி. தரையோட தரையாப் படுத்திருக்கு. மெதுவாச் சொல்லுது...

"நிக்காதேங்கோ மாமா. கீழ வாங்கோ. அடுத்தது இஞ்சதான் விழும்."

அந்த மனுஷன் அசையாம நிக்கிறார். பயத்துல நிக்கிறார்னு அது நெனச்சுது போல.

"இடம் இருக்கு மாமா. நான் தள்ளிப் படுக்கிறன்."

தள்ளிப் படுத்துச்சு. அப்பத்தான் பாத்தோம்... அது நகர்ந்த தடத்துல ரத்தம்.

டாக்டர் வந்து கட்டைப் பிரிச்சுப் பாத்தார். தோல் நழுவிப் போச்சு. "மறுபடியும் தோல் எடுக்கணும். நாளைக்கு தியேட்டர்ல வேற பிள்ளைக்கு முறை. அதுவும் இனிக் காத்துக் கெடக்கணும்"னார். அதுக்கு அண்ணாச்சி என்ன சொன்னார் தெரியுமா? "புகையே வராத வெடி டாக்டர். பாத்துப் பாத்து வாங்குனோம்."

கால் தப்பிச்சுது. ஆனா முழங்கால் அதுக்கப்புறம் மடங்கலை.

இப்ப நான் உங்களைக் கேக்கறேன். திருமங்கலத்துக் கடைக்காரனுக்கு என்ன சரக்கு வேணும்னு கேக்காம லாரி அனுப்புவீங்களா? அனுப்புனா அவன் நம்மள வள்ளல்ம்பானா, கிறுக்கன்ம்பானா? லாபம் வர்ற இடத்துல நாலு தடவை போன் போட்டுக் கேக்குற நாம, புண்ணியம்னு வந்துட்டா மட்டும் ஏன் யாரையும் கேக்கறதில்லை? சிஸ்டர்கிட்ட அண்ணாச்சி ஒரே ஒரு வார்த்தை கேட்டிருந்தாப் போதும். கேக்கக்கூட வேண்டாம்... அந்தம்மா வலிய வந்து சொன்னதைக் காதுல வாங்கியிருந்தாப் போதும்.

நாம குடுக்கப்போற வார்டுலயும் அந்த மாதிரிச் சத்தம் கேட்டு வந்த பிள்ளைங்க இருக்கலாம். இல்லாமயும் இருக்கலாம். எனக்குத் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. அங்க இருக்கிற நர்ஸம்மாவுக்குத் தெரியும். நாளைக்கு ரெண்டு பேர் போய்க் கேளுங்க. பஞ்சுன்னா பஞ்சு, பெட்ஷீட்டுன்னா பெட்ஷீட்டு. பின்வாசல் வழியா இறக்கி வச்சுட்டு வந்துருவோம். மேளமும் வெடியும் வேண்டாம்.

மேடையில யாருக்கு எந்த நாற்காலின்னு இங்க ஒரு மணி நேரமாப் பேசிட்டோம். அந்தப் பிள்ளைக்குக் கட்டில்லயே பாதி இடம்தான். குண்டு விழப்போகுதுன்னு நெனச்ச நேரத்துல, கட்டிலுக்கு அடியிலயும் பாதியை, வெடி போட்டு வந்தவருக்கு ஒதுக்குச்சு.

குடுக்கறதுன்னா அதுதாங்க.