அசல் ஈட்டி

— இது மேசையில்ல, வாயாடி. நம்ம வம்சத்தோட முதுகெலும்பு. அசல் ஈட்டி மரம்.

— அந்த முதுகெலும்பு மேலதான் அம்மா ஆயுசு பூரா இஸ்திரி போட்டாங்க. தீஞ்ச தடம் அதோ இருக்கு பாருண்ணா.

— அது தடமில்ல, பழமை. மரத்தைப் பத்தி உனக்கு என்ன தெரியும்?

— ஒண்ணும் தெரியாது சாமி. அதான் காலைல, அப்பா விட்டுட்டுப் போனதுல மேசை உனக்கு, மாடி பூரா எனக்குன்னு எழுதும்போது, நல்லா யோசிச்சியான்னு திரும்பத் திரும்பக் கேட்டேன். பேனாவைப் பிடுங்காத குறையா கையெழுத்துப் போட்டது யாரு?

— மாடியில என்ன இருக்கு? ஒழுகுற கூரை, உப்புப் பூத்த சுவரு. அது வெறும் கட்டடம். இது கலை!

— சரிங்க நிபுணரே. ஈட்டின்னா கறுப்பால்ல இருக்கணும், கலையோட இழுப்பறையைத் திறந்தா உள்ள மஞ்சளா இருக்கே? பெரியப்பாகூட கடைசி வரைக்கும் பலா, பலான்னுதானே சொல்லிட்டிருந்தாரு.

— அவரு கண்ணுக்குப் பலாவும் ஒண்ணு, பலகாரப் பெட்டியும் ஒண்ணு. சொல்றேன் கேளு. அந்தக் காலத்துல முகப்புக்கு ஈட்டி போடுவாங்க, உள்ளுக்குச் சாதா மரம். விஷயம் தெரிஞ்சவனுக்கு இதுவே ஒரு அத்தாட்சி.

— முகப்புல பாலிஷ் உரிஞ்ச இடமும் மஞ்சளாத்தான் இருக்கு.

— வெயில் பட்டு வெளுத்திருக்கும்.

— சுவரோட ஒட்டிக் கிடந்த பக்கமும் வெளுத்திருக்கே. அந்தச் சூரியனை எனக்கும் காட்டேன்.

— பண்ணு, நல்லா கிண்டல் பண்ணு. போன மாசமே ஒரு சீவல் எடுத்து, மர ஆராய்ச்சி பண்ற பேராசிரியர்கிட்ட குடுத்தாச்சு. பூதக்கண்ணாடியில பாத்துட்டு ஒரே வார்த்தைதான் சொன்னாரு. ஈட்டி! நாளைக்கு எங்க பழம்பொருள் சங்கமே என் வீட்டுக்குத் திரண்டு வருது. இந்த மேசையைப் பாத்துட்டுத்தான் என்னைத் தலைவராக்கப் போறாங்க.

— பேராசிரியரே சொல்லிட்டாரா? அப்ப நான் வாயை மூடிக்கிறேன். வண்டி வந்து நிக்குது. அந்தப் பக்கம் பிடிச்சுத் தூக்குங்க, தலைவரே.

— ஏய், மெதுவா, மெதுவா! கீழ வை. என்னது, ஒரு பக்கமா சாயுது?

— இந்தக் கால் குட்டைண்ணா. கீழ முட்டுக் கொடுத்திருந்த கட்டை நகந்துடுச்சு.

— எந்தக் கட்டை?

— இதோ, கறுப்பா. ஆமா, பேராசிரியருக்குக் குடுத்த சீவலை எங்கேர்ந்து எடுத்த?

— நாலு பேர் பாக்குற இடத்துலயா சீவுவாங்க? தரையில படுத்து, டார்ச் அடிச்சு, இந்தக் காலோட அடியில, யார் கண்ணுலயும் படாத மாதிரி...

— சீவின தடம் கட்டையில இருக்கு. கால்ல இல்ல.

— குடு இங்க.

— நல்லாப் பாரு. உன் பூதக்கண்ணாடி வேணுமா?

— இரு, இரு. கட்டை ஈட்டின்னா அதுவும் இந்த மேசையில மிஞ்சின துண்டாத்தான் இருக்கணும். இந்த வீட்ல வேற ஈட்டி மரம் ஏது?

— மாடிக் கழிப்பறைக் கதவு. தரையில உரசுதுன்னு அடிப்பக்கம் அறுத்தாங்க. அந்தத் துண்டு.