மூச்சுக்கு இருபது மதிப்பெண்

பேண்டு வாத்தியத்தை நேருக்கு நேர் நின்று கேட்கக் கூடாது. ஆளைப் பார்த்தால் காது வேலை செய்யாது. உப்புகிற கன்னம், சிவக்கிற கண், தோளில் மின்னுகிற சரிகை எல்லாவற்றையும் வாசிப்பு என்று நினைத்துக்கொள்வோம். கொஞ்சம் தள்ளி, முதுகைத் திருப்பி உட்கார வேண்டும். அப்போதுதான் யார் சுருதியில் நிற்கிறார், யார் பக்கத்து ஆளின் சத்தத்துக்குள் ஒளிந்துகொண்டிருக்கிறார் என்பது தெரியும்.

நீங்கள் கேட்டது ஒரு கடிதத்தைப் பற்றி. மாணிக்கவேலின் நெஞ்சு எக்ஸ்ரே பற்றி வந்த கடிதம் ஏன் அவரிடம் போய்ச் சேரவில்லை, அவர் செத்த பிறகு அது ஏன் என் வீட்டு அலமாரியில் இருந்தது என்று கேட்கிறீர்கள். மறைக்கிற எண்ணம் எனக்கு இல்லை. ஆனால் போட்டியிலிருந்து தொடங்கினால்தான் உங்களுக்குப் புரியும். நிதானமாகச் சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள்.

என் பெயர் பாலகிருஷ்ணன். விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் கம்பெனியில் டைம் ஆபீஸ் குமாஸ்தா. அதற்கு முன் ஆறு வருஷம் வடக்கே ஒரு பட்டாளத்து பேண்டில், டிரம்பெட் மாதிரியே ஊதுகிற கார்னெட் வாசித்தேன். முன்பற்கள் இரண்டு போயின, அதோடு வாசிப்பும் போயிற்று. காது மட்டும் மிச்சம். அதனால்தான் 1987-இல் மாசி மகத்து பேண்டு போட்டிக்கு என்னை நடுவராகக் கூப்பிட்டார்கள்.

நடுவர்கள் மூன்று பேர். நடை பார்க்கும் டிரில் மாஸ்டர் வெளியே நாற்காலியில் இருப்பார். நானும் ஸ்ரீமுஷ்ணம் நாதஸ்வர வித்வான் தெய்வநாயகமும் ஒரு தார்ப்பாய்க்குப் பின்னால். எந்த செட் வாசிக்கிறது என்று தெரியக் கூடாது என்பதற்காக இந்த ஏற்பாடு, என் யோசனைதான். சுருதிக்கு முப்பது, ஒற்றுமைக்கு முப்பது, நடைக்கு இருபது, மூச்சுக்கு இருபது. இந்தப் பங்கீடும் நான் செய்தது.

ஊர்க்காரர்களுக்கு வேறு கணக்கு இருந்தது. மாணிக்கவேல் எங்கள் கம்பெனியில் வெள்ளைக்கல்லை மாவாக அரைக்கும் கூடத்தில் வேலை பார்த்தார். குயவர் வீட்டுப் பிள்ளை. எங்கள் ஊர் செட்டில் அவர்தான் முதல் டிரம்பெட். எந்தப் பாட்டை எடுத்தாலும் கடைசியில் மேலே ஒரு சுரத்தில் போய் நிற்பார். டிரம்கள் அடியில் உருளும். கூட்டம் வாய்விட்டு எண்ணும். ஒன்று, இரண்டு, மூன்று. அவர் நிறுத்துகிறபோது எந்த எண்ணில் இருக்கிறார்களோ அதுதான் அவர்கள் போடும் மதிப்பெண். அதன் பிறகு இன்னொன்று உண்டு. போட்டி முடிந்து செட்டுகள் தேரடிக்கு வாசித்துக்கொண்டே போகும். எந்த செட்டின் பின்னால் கூட்டம் நடக்கிறதோ அந்த செட்தான் ஜெயித்தது. கேடயம் யார் கையில் இருக்கிறது என்பதை யாரும் பார்ப்பதில்லை.

முதல் வருஷம் கூட்டம் முப்பத்திரண்டு எண்ணியது. என் ஸ்டாப் வாட்ச் முப்பத்து மூன்று விநாடி காட்டியது. நேர்மையான எண்ணிக்கை. ஆனால் அந்த நீளத்துக்காக அவர் சுருதியைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்தார். கடைசி ஐந்து விநாடி ஒரு மயிரிழை இறங்கியது. பெண்ணாடம் செட் பத்து பேரும் ஒரே ஆளைப் போல வாசித்தார்கள். அவர்களுக்கு முதல் பரிசு கொடுத்தேன். அது சரியான தீர்ப்பு.

பரிசு வழங்கும்போது மைதானத்தில் நாங்கள் மூன்று பேர், கேடயம், நாற்காலி வாடகைக்காரர், பெண்ணாடத்துக்காரர்கள் மட்டும்தான் இருந்தோம். மற்ற எல்லாரும் மாணிக்கவேலின் பின்னால் போய்விட்டார்கள். மறுநாள் ஸ்டேஷன் ரோட்டில் கனகா டீக்கடைக்குப் போனேன்.

"என்னா சார், தார்ப்பாய்க்குப் பின்னால காது அடைச்சிப் போச்சா?" என்றார் கனகா.

சுருதி இறங்கியதை விளக்கினேன்.

"உங்க மார்க்கு உங்க பேப்பர்ல இருக்கட்டும் சார். எங்க காலு அவரு பின்னாலதான் போவுது."

பெஞ்சில் இருந்த ஒருவர் டீயை உறிஞ்சிக்கொண்டே, "வுடு கனகா, சாருக்குப் பல்லு போன வயித்தெரிச்சல்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அது எனக்கு உறைத்தது என்று நீங்கள் எழுதிக்கொள்ளலாம். ஆனால் அதற்காக ஒரு மதிப்பெண்ணைக்கூட நான் குறைத்ததில்லை.

மாணிக்கவேலுக்கு என் மேல் கோபம் கிடையாது. காலையில் வருகை அட்டை குத்த வரும்போது ஜன்னலில் குனிந்து கேட்பார்.

"சார், மூச்சுல எத்தினி போட்டீங்க?"

"பதினாறு."

"மீதி நாலு எங்க சார் போச்சு? சொல்லுங்க, புடிச்சாந்துடறேன்."

நீள மூச்சுக்குப் பழக வேண்டும் என்று சொன்னேன். மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் இயந்திரம் நிற்கும். அரவைக் கூடத்துக் கதவைச் சாத்திக்கொண்டு அங்கேயே ஊதலாம், எதிரொலி நன்றாக இருக்கும், சத்தம் வெளியே போகாது என்று யோசனை கொடுத்தேன். அன்றைக்கு அது நல்ல யோசனைதான். அந்தக் கூடத்தில் தூசு அடங்க ஒரு மணி நேரம் ஆகும் என்பது எல்லாரையும் போல எனக்கும் தெரியும். அங்கே எல்லாரும் வேலை செய்துகொண்டுதானே இருந்தார்கள்.

அடுத்த வருஷமும் கூட்டம் முப்பத்திரண்டு எண்ணியது. வாட்ச் இருபத்தொன்பது காட்டியது. என் விரல் தாமதமாக அழுத்தியிருக்கும் என்று நினைத்தேன். 1989-இலும் முப்பத்திரண்டு. வாட்ச் இருபத்தைந்து. அப்போது கவனித்தேன். அவர் மூச்சு குறையக் குறைய இவர்கள் வேகமாக எண்ணுகிறார்கள். யாரும் சொல்லிவைத்துச் செய்யவில்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு, அவரை முப்பத்திரண்டில் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுகிறார்கள். எத்தனையோ ஊர்களில் எத்தனையோ ரசிகர்களைப் பார்த்திருக்கிறேன். இப்படிக் கூட்டமாகப் பொய் சொல்கிறவர்களைப் பார்த்ததில்லை.

வாட்சைக் கனகாவிடமே காட்டினேன். "இருபத்தஞ்சு செகண்டுதாம்மா. நீங்க முப்பத்திரெண்டுன்னு எண்ணுறீங்க."

"கடியாரத்துக்கு என்னா சார் தெரியும்? அது என்னா மூச்சு வுடுதா?"

தார்ப்பாய்க்குப் பின்னால் இருந்தவனுக்கு வேறொன்றும் கேட்டது. சுரம் எடுப்பதற்கு முன் அவர் மூச்சை இழுக்கும் சத்தம். முதல் வருஷம் அது துணியை இழுப்பது போல இருந்தது. மூன்றாம் வருஷம் மணலில் இழுப்பது போல இருந்தது. 'உள்ளிழுப்பில் உரசல்' என்று தாளில் எழுதி மதிப்பெண்ணைக் குறைத்தேன். அவரிடம் எண்ணைச் சொன்னேன். உரசலைச் சொல்லவில்லை. நான் வைத்தியன் அல்லவே.

1991 ஆவணியில் எக்ஸ்ரே வேன் வந்தது. அரவைக் கூடத்தில் வேலை செய்தவர்கள் எல்லாரையும் படம் எடுத்தார்கள். இரண்டு மாதம் கழித்து பதினோரு கடிதங்கள் டைம் ஆபீசுக்கு வந்தன. ஆங்கிலத்தில் இருந்தன. அந்தந்த ஆளிடம் படித்துச் சொல்லிக் கொடுப்பது என் வேலை. பதினொன்றிலும் ஏறக்குறைய ஒரே விஷயம். நுரையீரலில் கல்தூசி, உடனே தூசு இல்லாத வேலைக்கு மாற்ற வேண்டும், ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும். மாணிக்கவேலின் கடிதத்தில் மட்டும் ஒரு வரி கூடுதல். இப்போதே விலகினால் இத்தோடு நிற்க வாய்ப்பு உண்டு என்று எழுதியிருந்தது.

பத்துப் பேரைக் கூப்பிட்டுக் கொடுத்தேன். அவர்களைப் பேக்கிங்குக்கு மாற்றும் உத்தரவையும் நானே டைப் அடித்தேன்.

பதினோராவதை மேஜையில் வைத்துக்கொண்டு யோசித்தேன். ஆத்திரத்தில் செய்த காரியம் என்று நினைக்காதீர்கள். மூன்று நாள் யோசித்தேன். இந்தக் கடிதத்தைக் கொடுத்தால் அவர் ஊதுவதை நிறுத்திவிடுவார். முப்பத்திரண்டிலேயே நிறுத்திவிடுவார். அதன் பிறகு இந்த ஊரில் நூறு வருஷத்துக்கு அவர்தான் பெரிய வாசிப்புக்காரர், நான்தான் செவிடன். இன்னும் ஒன்றிரண்டு வருஷம் வாசித்தால் எவ்வளவு வேகமாக எண்ணினாலும் மூடி மறைக்க முடியாத ஓர் இடம் வரும். அன்றைக்கு ஒருமுறையாவது அந்த மைதானம் தன் காதால் கேட்கும். நான் விரும்பியது அவ்வளவுதான். அவருக்குக் கெடுதல் வர வேண்டும் என்று ஒரு நாளும் நினைத்ததில்லை. கடிதத்தை மதிப்பெண் தாள்களோடு வைத்தேன். அதுவும் ஒரு மதிப்பீடுதானே.

அவரே வந்து கேட்டார்.

"சார், எல்லாருக்கும் கடுதாசி வந்துது. எனக்கு ஒன்னும் வரலையா?"

"வரலன்னா நல்லதுதானய்யா."

முகம் மலர்ந்துவிட்டது. பக்கத்தில் நின்றவரை முதுகில் தட்டினார். "பாத்தியா? அதான் ஊதுங்கடான்னு தலபாடா அடிச்சிக்கிட்டேன். பேண்டுக்காரன் நெஞ்சுல தூசி நிக்குமா? ஒரு இழுப்பு இழுத்து ஊதுனா எல்லாம் வெளிய வந்துடும்."

அந்தக் கூடத்தில் பாதிப் பேர் இதை நம்பினார்கள். நான் மறுக்கவில்லை. பத்துப் பேர் வெளியேறியதால் அரவைக்கு ஆள் போதவில்லை. அவர் இரண்டு ஆள் வேலை பார்த்தார். மத்தியானம் சாதகத்துக்கு இன்னும் கால் மணி நேரம் வேண்டும் என்றார். அனுமதிச் சீட்டில் கையெழுத்துப் போட்டேன்.

1992-இல் பதினெட்டு விநாடி. 1993-இல் பன்னிரண்டு. கூட்டம் இரண்டு வருஷமும் முப்பத்திரண்டு எண்ணியது. பன்னிரண்டு விநாடியில் முப்பத்திரண்டு எண்ணிப் பாருங்கள். நாக்கு புரளாது. எண்ணினார்கள்.

ஒரு நாள் அவர் மனைவி பாஞ்சாலை டைம் ஆபீசுக்கு வந்தார். "சார், வூட்டுல படுக்க மாட்டேங்கறாரு. சுவத்துல சாஞ்சிக்கிட்டே ஒக்காந்து தூங்குறாரு. வேற எடத்துல வேல போட்டுக் குடுங்க சார்."

மேலிடத்திலிருந்து உத்தரவு வர வேண்டும் என்று சொன்னேன். அது உண்மை. உத்தரவு வருவதற்கு அந்தக் கடிதம் வேண்டும். அதுவும் உண்மை.

1994 மாசி. சாயங்காலம் ஐந்து மணி. மற்ற செட்டுகள் முடிந்து எங்கள் ஊர் செட் வந்தது. மூச்சிழுப்பு இரண்டு தவணையாகக் கேட்டது. சுரத்தில் ஏறினார். கூட்டம் எண்ணத் தொடங்கியது. ஆறாவது விநாடியில் சுரம் உடைந்தது. பிறகு இருமல். வாட்சை நிறுத்தினேன். ஏழு வருஷமாக நான் காத்திருந்தது அந்த உடைவுக்காகத்தான். இனி அந்த மைதானத்தில் ஓர் அமைதி வரும், அந்த அமைதியில் எல்லாருக்கும் புரியும் என்று எதிர்பார்த்தேன்.

அவர்கள் எண்ணுவதை நிறுத்தவில்லை. பதினான்கு, பதினைந்து, பதினாறு. இந்த முறை அவசரமே இல்லை. ஒவ்வோர் எண்ணாக, மெதுவாக. டிரம் உருண்டுகொண்டிருந்தது. ஒரு டிரம் அல்ல, இரண்டு. பெண்ணாடத்துக்காரர் ஒருவரும் சேர்ந்துகொண்டார் என்று பிறகு சொன்னார்கள். முதல் தடவையாகத் தார்ப்பாயை விலக்கிப் பார்த்தேன். மாணிக்கவேல் முழங்காலில் கையை ஊன்றிக் குனிந்து நின்றார். டிரம்பெட் தரையில் கிடந்தது. அவர் எதிரில் ஆயிரம் பேர், இல்லாத ஒரு சுரத்தை முப்பத்திரண்டு வரைக்கும் எண்ணி முடித்தார்கள்.

பிறகு அவர் பின்னால் நடந்தார்கள். அவர் பத்தடிக்கு ஒருமுறை நின்றார். அவர் நின்றபோதெல்லாம் கூட்டமும் நின்றது. தேரடிக்குப் போய்ச் சேர ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. கேடயம் வாங்கிய பெண்ணாடம் செட்டும் அந்தக் கூட்டத்தில்தான் இருந்தது.

ஐப்பசியில் இறந்தார். மாலை போடப் போனேன். பாஞ்சாலை என்னைப் பார்த்ததும் எழுந்து வந்தார். "கூட எக்ஸ்ரே எடுத்த பத்து பேருக்கும் கடுதாசி வந்துதாமே சார். எங்க வூட்டுக்காரருக்கு மட்டும் எப்படி வராமப் போவும்?"

தபாலில் தவறியிருக்கும் என்றேன். இந்த விவகாரத்தில் நான் சொன்ன பொய் அது ஒன்றுதான். அவர் என்னை நம்பவில்லை. அதனால்தான் நீங்கள் வந்திருக்கிறீர்கள்.

ஆகவே எழுதிக்கொள்ளுங்கள். கடிதம் என் கைக்கு வந்தது. படித்துப் புரிந்துகொண்டுதான் வைத்துக்கொண்டேன். கொடுத்திருந்தால் அவர் பிழைத்திருக்கக்கூடும் என்று எனக்குத் தெரியும். கம்பெனிக்கு இதில் சம்பந்தம் இல்லை, யாரும் என்னைத் தூண்டவில்லை. கையெழுத்துப் போடுகிறேன்.

ஆனால் நீங்கள் எடுத்துப்போன காகிதக் கட்டுக்குள் என் தாள்களோடு, தார்ப்பாய்க்குப் பின்னால் என்னோடு உட்கார்ந்த தெய்வநாயகத்தின் தாள்களும் இருக்கின்றன. கடைசி வருஷத்தை எடுத்துப் பாருங்கள். ஆறு விநாடி மூச்சுக்கு நான் இருபதுக்கு நான்கு போட்டிருக்கிறேன். யார் வேண்டுமானாலும் வாட்சை வைத்துச் சரிபார்க்கலாம். தெய்வநாயகம் இருபதுக்கு இருபது போட்டிருக்கிறார். உடைந்துபோன சுரத்துக்கு முழு மதிப்பெண். அதை மட்டும் ஏன் யாரும் விசாரிக்க மாட்டேன் என்கிறீர்கள் என்பதுதான் எனக்கு விளங்கவில்லை.