மிட்டாய் டப்பாவில் ஒரு பழைய பிராசஸர்

எனக்கு ஏலக்காய் பன் என்றால் உயிர். ரைலி, குடியிருப்புச் சங்கத் தலைவி என்ற முறையில் நீங்கள் விசாரிப்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன். மற்றதெல்லாம் அதன் பின்னால் வந்ததுதான்.

நம் கட்டடத்தில் பாகங்களைத் தனித்தனியாக வாங்கிக் குறைந்த செலவில் கம்ப்யூட்டர் சேர்க்க நினைப்பவர்கள் என்னிடம்தான் யோசனை கேட்பார்கள். குவோபியோ நகரம் முழுக்கத் தேடினாலும் என்னைப்போல் பொறுமையாகச் சொல்ல ஆள் கிடைக்காது. மதர்போர்டில்தான் சூட்சுமம் இருக்கிறது என்பேன். பளபளப்புக்குக் காசைக் கொட்டாமல், போன வருஷத்துப் போர்டை மலிவாக வாங்கி இந்த வருஷத்து பிராசஸரை அதில் பொருத்தச் சொல்வேன். நல்ல யோசனைதான், ஒரே ஒரு குறை. அந்தப் போர்டுக்குப் புது பிராசஸரை அடையாளம் தெரியாது. உள்ளே இருக்கும் மென்பொருளைப் புதுப்பிக்கும்வரை திரை கறுப்பாகவே கிடக்கும். புதுப்பிக்க வேண்டுமானால், அதற்குத் தெரிந்த பழைய பிராசஸர் ஒன்றை முதலில் பொருத்தியாக வேண்டும். அது இந்தக் கட்டடத்தில் என்னிடம் மட்டும்தான் இருக்கிறது. மிட்டாய் டப்பாவில் பஞ்சுக்கு நடுவே வைத்திருக்கிறேன்.

அதனால் கூப்பிடுவார்கள், போவேன். லிப்டுக்குள் ஆள் நின்றால் படியேறிப் போகிற ஜனங்கள் நாம். ஆனால் திரையில் வெளிச்சம் வந்ததும் என்னை உட்காரவைத்து, ஏலக்காய் பன் வைத்து, இரண்டாவது கோப்பை காபியும் ஊற்றுவார்கள். என் மனைவி போன பிறகு எனக்கு அப்படி ஊற்ற வேறு யாருமில்லை. அது எனக்குப் பெரிய சந்தோஷமாக இருந்தது.

கடைக்காரர்கள்தான் கெடுத்தார்கள். போர்டுகளைப் புதுப்பித்தே அனுப்பத் தொடங்கினார்கள். யாரும் கூப்பிடவில்லை. எல்லோருடைய பார்சலையும், அவை வந்திறங்கும் சூப்பர்மார்க்கெட்டிலிருந்து எடுத்துவந்து கொடுப்பது நான்தானே, அதனால் ஒரு சின்ன வேலை செய்தேன். பெட்டியின் முத்திரையைக் கெட்டில் ஆவியில் காட்டிப் பிரிப்பேன். புது மென்பொருளை எடுத்துவிட்டுப் பழையதைப் போடுவேன். மறுபடி ஒட்டிக் கொடுத்துவிடுவேன். எதையும் உடைத்ததில்லை, ஒரு கீறல்கூட விழுந்ததில்லை.

ஹெல்வி விஷயத்துக்கு வருகிறேன். மேல்மாடி ஹெல்விக்கு ஆஸ்திரேலியாவில் பேத்தி பிறந்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை ஞானஸ்நானம். ஹெல்வியிடம் இருப்பது பட்டன் போன், ஆகவே விழாவைப் பார்ப்பதற்கென்றே என் யோசனைப்படி பாகங்களை வரவழைத்துக் கம்ப்யூட்டர் சேர்த்தார். வெள்ளிக்கிழமை கூப்பிட்டார்.

“கியோஸ்தி, திரை கறுப்பாவே இருக்கு. நாளைக்குள்ள வந்துருவீங்கல்ல?”

“பாக்கலாம் ஹெல்வி. அந்தப் பழைய பிராசஸரை எங்க வச்சேன்னு தேடணும்.”

டப்பா என் சட்டைப்பையில்தான் இருந்தது. கூப்பிட்டதும் ஓடினால் மதிப்பிருக்காது. பசித்தவனுக்குத்தான் சோற்றின் அருமை தெரியும். ஞாயிறு பிற்பகல் போனேன். ஆஸ்திரேலியாவில் அதற்குள் தேவாலயத்தைப் பூட்டிவிட்டார்களாம், குழந்தையும் தூங்கிவிட்டதாம்.

ஹெல்வி அழவில்லை. விழாவுக்காகச் சுட்ட பன் மேசையில் ஆறிக் கிடந்தது. நல்ல உடையில் உட்கார்ந்து போர்டு வந்த பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இந்த ஸ்டிக்கர்ல என்ன போட்டிருக்கு, படிங்க. புது பிராசஸருக்கு ரெடின்னுல்ல போட்டிருக்கு. அப்புறம் ஏன் ஓடல?”

அதை உரிக்க மறந்திருந்தேன். எந்த வேலையிலும் கவனம் வேண்டும்.

நான் சட்டைப்பையிலிருந்து டப்பாவை எடுத்துத் திறந்ததைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது.

“புள்ளையையும் கிள்ளிவிட்டு, தொட்டிலையும் ஆட்டியிருக்கீங்க கியோஸ்தி,” என்றார். முதல் காபியைக்கூட ஊற்றவில்லை.

கட்டடத்துச் சவுனாவில், அந்த நீராவிக் குளியலறையில், வெள்ளிக்கிழமை எனக்குள்ள முறையை ரத்து செய்யப்போவதாகச் சொன்னீர்கள். நியாயம்தான். இந்தக் கட்டடத்தில் கறுத்துக் கிடந்த திரைகள் அத்தனையும் என் கைவேலை. ஹெல்வியிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். திருந்தியும்விட்டேன். டப்பாவை இதோ உங்கள் மேசையிலேயே வைக்கிறேன்.

உங்கள் மகனுக்கு வந்த போர்டைக் கதவருகே வைத்திருக்கிறேன், ஸ்டிக்கர் எதுவும் இல்லை. திரை கறுப்பாகவே இருந்தால் பதறாமல் கூப்பிடுங்கள். இந்த முறை உடனே வந்துவிடுகிறேன்.