நான் டாக்டர் இல்லீங்க

“நான் டாக்டர் இல்லன்னு சொன்ன உடனே வாயை மூடிக்கிறாங்கக்கா.”

பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டிலிருந்த பெண் தன் அக்காவிடம் சொன்னாள். பல் ஆஸ்பத்திரியில் வேலையாம்.

“டாக்டர்னே சொல்லிட்டுப் போயேன்டி. வெள்ளைக் கோட்டுதானே போட்டிருக்க?”

“சட்டப்படி அப்படிச் சொல்லிக்கக் கூடாதுக்கா. பல்லு சுத்தம் பண்றதுக்குத்தான் படிச்சேன். ஹைஜீனிஸ்ட்டுன்னுதான் பதிவு பண்ணிக் குடுத்திருக்காங்க. அது தெரிஞ்சே ஒருத்தராவது எங்கிட்ட ஆ காட்டணும்னு இருக்கு.”

“அம்மா வரதராஜன்பேட்டை பூரா ‘எம்பொண்ணு டாக்டரு’ன்னுல்ல சொல்லிக்கிட்டுத் திரியுது!”

“சொல்லும். போன வாரம் பல்லு சுத்தம் பண்ண வந்துச்சு. நான் கிட்டப் போனதும், டாக்டர் வரட்டும்னு வாயை மூடிக்கிட்டு உக்காந்திருச்சு.”