தேய்த்ததில் தெரிந்த வெள்ளி

அவையை அழகுற நடத்தும் தலைவர் அவர்களே! முன்வரிசையை நிறைத்திருக்கும் பெரியோர்களே! மடியில் பிள்ளையையும் முகத்தில் பெருமையையும் ஏந்தி வந்திருக்கும் தாய்மார்களே! இந்த நகைத் தொழிலாளியின் நெஞ்சார்ந்த வணக்கம்.

பொன்னை உருக்கத் தெரிந்தவன் நான். பேச்சால் உங்களை உருக்கத் தெரியாதவன். (பின்னாலிருந்து "சுருக்கமாப் பேசுங்க" என்கிறார்கள். பேசுகிறேன் ஐயா, சொல்லையும் நிறுத்துத்தான் தருவேன்!)

தங்கம் வென்று வந்திருக்கும் நம் நீச்சல் வீராங்கனையின் தாயை அறிவீர்களா? நம் நீச்சல்குளத்தின் ஓடுகளைப் பன்னிரண்டு ஆண்டுகளாகத் தேய்த்துக் கழுவுபவர். தாய் ஒரு கரையில் தேய்ப்பார்; மகள் மறுகரைக்கு நீந்துவாள். அப்படி வளர்ந்தவள் அவள்.

பதக்கம் வந்த வாரம் தெருவே அந்த வீட்டில் திரண்டது. தொட்டவர் எத்தனை பேர், தூக்கிப் பார்த்தவர் எத்தனை பேர், கழுத்தில் போட்டுப் படம் எடுத்தவர் எத்தனை பேர்! கைபட்டுக் கைபட்டுப் பதக்கம் மங்கியது. தாய்க்குப் பொறுக்குமா? மகள் பயிற்சிக்குப் போயிருந்த நேரத்தில் ஓடு தேய்க்கும் பொடியை எடுத்தார்; அழுந்தத் தேய்த்தார். (ஆமாம் அம்மா, நீங்கள் தலையில் கைவைப்பது தெரிகிறது!)

துண்டில் பதக்கத்தைச் சுற்றிக்கொண்டு என் பட்டறைக்கு ஓடிவந்தார்.

"அண்ணே, தங்கம் போயி வெள்ளையாயிடுச்சு. எம்புள்ளைய ஏமாத்திட்டாங்களா, இல்ல நாந்தான் கெடுத்துட்டேனா?"

"யாரும் ஏமாத்தலம்மா. தங்கப் பதக்கம்னாலே பெரும்பாலும் உள்ள வெள்ளிதான். தங்கம் மேல மெலிசா ஒரு பூச்சு."

"அப்ப அவளுக்குத் தெரியாம பூசிக் குடுத்துருங்கண்ணே."

நான் பதக்கத்தைக் கையில் வாங்கியதும் தடுத்துவிட்டார். "வேணாண்ணே. அவகிட்ட நான் எதையும் மறைச்சதில்ல. வரச் சொல்லுங்க."

மகள் வந்தாள், தலை ஈரம் காயாமல். தாய் குனிந்தபடியே பதக்கத்தை நீட்டினார். அவள் பதக்கத்தைப் பார்க்கவில்லை, ஐயா! நீட்டிய கையைப் பிடித்தாள். விரலெல்லாம் வெடிப்பு, வெடிப்பெல்லாம் சிவப்பு.

"மாமா, பதக்கம் கெடக்கட்டும். இதுக்கு என்ன மருந்து போடலாம்? கையுறை வாங்கிக் குடுத்தாலும் அம்மா போட மாட்டேங்குது."

"கையுறை போட்டா, அழுக்குப் போச்சா இல்லையான்னு கைக்குத் தெரியாதுடி!" என்றார் தாய், அழுதுகொண்டே.

அவையோரே, கேட்கிறேன்! குளத்துச் சுவரை உதைத்துத் திரும்பும் அந்த ஒரு நொடியில், என்றாவது இவள் கால் வழுக்கியதுண்டா? பாசியில் சறுக்கியதுண்டா? இல்லை! ஏன் இல்லை? வழுக்க விடாமல் தேய்த்த விரல்கள் இருந்தன! பதக்கம் எதனால் ஆனது என்று என் உரைகல்லைக் கேட்டால் வெள்ளி என்று சொல்லும். உரைகல்லுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்!

விழாவுக்கு முன் பூசித் தருகிறேன் என்று எவ்வளவோ சொன்னேன். மகள் சம்மதிக்கவில்லை. இதோ, வெள்ளைத் திட்டோடுதான் அணிந்து அமர்ந்திருக்கிறாள். அருகில் வாருங்கள், பாருங்கள், தொடுங்கள். தேய்க்கும் உரிமை மட்டும் அவள் அம்மாவுக்கு!

பொறுமையோடு கேட்ட உங்களுக்கு நன்றி. மூன்றாம் வரிசையில் முகத்தை மறைத்துக்கொண்டிருக்கும் அந்தத் தாய்க்கு, என்னை அண்ணே என்றழைத்த என் தங்கைக்கு, தனியாக ஒரு வணக்கம்.